"பத்து கிலோ குறைத்துவிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குறைப்பதா, வேறு டாக்டரைப் பார்ப்பதா?

கேள்வி: 2025 ஜூன் 3

வயது 29. கல்யாணமாகி மூன்றரை வருடம். உயரம் 158, எடை 68. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில நேரம் மூன்று மாதம்கூட ஆகும். போன வாரம் குழந்தையின்மை சிகிச்சைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஸ்கேன் பார்த்தார், எடை மெஷினில் ஏறச் சொன்னார், "பத்து கிலோ குறைத்துவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். வெளியே வந்ததும் ஆறு மாத எடைக் குறைப்பு பேக்கேஜ் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். 24,000 ரூபாய். மாமியார், "அவங்க சொல்றது சரிதானே, முதல்ல உடம்பைக் குறை" என்கிறார். என் வீட்டுக்காரருக்கு எந்த டெஸ்டும் எழுதவில்லை. ஆறு மாதம் காத்திருப்பதா? இப்படிக் குறைத்துப் பலன் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா அக்கா?

ஜூன் 3, இரவு

நான் இருக்கிறேன். 2018-இல் எனக்கு 31 வயது, 156 சென்டிமீட்டர் உயரத்துக்கு 82 கிலோ. இதே வசனம்தான், இதே பத்து கிலோதான். (60 கிலோ இருப்பவளுக்கும் பத்து, 100 கிலோ இருப்பவளுக்கும் பத்து. மொய் எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது.) ஆறு மாதத் திட்டத்தில் சேர்ந்தேன். குறைந்தது ஐந்துதான். ஆனால் நான்காவது மாதம் மாத்திரை போடாமலே பீரியட்ஸ் வந்தது, ஐந்தாவது மாதமும் வந்தது. அப்புறம் முட்டை வெடிக்க வைக்கும் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள், மூன்றாவது மாதம் நாள் தள்ளிப்போனது. பையன் இப்போது ஒன்றாம் வகுப்பு.

ஆக என் பதில்: குறை. பலன் உண்டு. 24,000 கொடுக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

ஜூன் 4

ஐந்து கிலோவில் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, கண்ணாடியில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஸ்கேனில் தெரிகிற நீர்க்கட்டி கட்டியே இல்லை. கருமுட்டை வளரும் சின்னச் சின்னப் பைகள், வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனவை. ஏன் நின்றன? பிசிஓடி உள்ள பெரும்பாலோருக்கு உடம்பு இன்சுலின் சொன்ன பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்கும். அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைக்கிற ஒரு புரதம் ஈரலில் உருவாகிறது, அதையும் குறைத்துவிடும். இரண்டு பக்கமும் அடி. எடையில் ஐந்து சதவீதம் இறங்கினாலே இன்சுலினும் கொஞ்சம் இறங்கும். சிலருக்கு அதுவே போதும், முட்டை வெடிக்கத் தொடங்கிவிடும். ("கட்டியைக் கரைக்கும் கஷாயம்" விற்பவர்களை யாராவது பார்த்தால், இல்லாத கட்டியை எப்படிக் கரைக்கிறீர்கள் என்று எனக்காக ஒரு தடவை கேளுங்கள்.)

இது யாரோ ஊகித்துச் சொன்னது இல்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் 1990-களில் குண்டாக இருந்த, குழந்தையில்லாத பெண்களை வாராவாரம் ஒன்றாகக் கூட்டி, ஆறு மாதம் உடற்பயிற்சியும் சாப்பாட்டு யோசனையும் கொடுத்தார்கள். 1998-இல் வெளியிட்ட கணக்கு இது: முழுதாக முடித்தவர்கள் 67 பேர், சராசரியாகக் குறைந்தது 10.2 கிலோ. 60 பேருக்கு முட்டை வெடிப்பது திரும்பியது, 52 பேர் கர்ப்பமானார்கள், 45 பேருக்குக் குழந்தை பிறந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு விந்தணுப் பரிசோதனை. நாளைக்கே. சில நூறு ரூபாய், ஒரு காலைப் பொழுது. அதைச் செய்யாமல் உன்னை ஆறு மாதம் நடக்கவிடுவது எந்த ஊர் நியாயம்?

ஜூன் 7

உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 158, 68. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு, 27.2 வருகிறது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், என் 82-ஐ மனதில் வைத்துக்கொண்டு உனக்குப் பதில் சொல்லிவிட்டேன். (82-க்கு பிஎம்ஐ 33.7. நானும் நீயும் ஒரே ஆளில்லை.)

68-இல் பத்து கிலோ என்றால் கிட்டத்தட்ட 15 சதவீதம். ஐந்து சதவீதம் என்றால் 3.4 கிலோ. இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்து என்ற எண்ணை டாக்டர் எங்கிருந்து எடுத்தார் என்று அடுத்த முறை போகும்போது கேள். கோபப்பட்டால் அதுவே ஒரு பதில்.

"27 எல்லாம் குண்டே இல்லை" என்று எழுதியவருக்கு: வெள்ளைக்காரர்கள் அளவுகோலில் 25 முதல் 30 வரை 'கொஞ்சம் அதிகம்', 30-க்கு மேல்தான் உடல்பருமன். இந்திய மருத்துவர்கள் 2009-இல் நமக்கென்று வைத்த கோடு வேறு: 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன். காரணம், அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனே டாக்டர் யாஜ்னிக் ஒரு ஆங்கிலேய டாக்டருடன் சேர்ந்து நின்று எடுத்த படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. ஆங்கிலேயருக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. எனவே 27-ஐ ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. இடுப்புச் சுற்றளவை ஒரு டேப் வைத்துப் பார், 80 சென்டிமீட்டர் நமக்கான எல்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு பிஎம்ஐ 25-க்கு மேல். பள்ளிக்கூட வாசலில் பையனைக் கூப்பிட நிற்கும்போது சுற்றிப் பார்க்கிறேன். எல்லோரும் என் சைஸ்தான். எல்லோர் கையிலும் ஒரு பிள்ளை.

ஜூன் 12

ஐந்து நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர், "உனக்குத்தான் ஒன்று பிறந்துவிட்டதே, இப்போது எதற்கு" என்கிறார்.

என் முதல் பதிலைக் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அடிலெய்டு கணக்கில் ஒரு ஓட்டை. முடித்தவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் என்றால், பாதியில் விட்டுப் போனவர்களோடு. ஆறு மாதம் விடாமல் வரக்கூடியவளும் மூன்றாம் வாரமே நின்றுவிடுகிறவளும் வேறு வேறு ஆட்கள். வீட்டு நிலைமை வேறு, உடம்பு வேறு, வீட்டுக்காரர் வேறு. சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அப்படிக் குலுக்கிப் பிரித்தது நெதர்லாந்தில். 2016-இல் வந்தது. பிஎம்ஐ 29-க்கு மேல் இருந்த 577 பெண்கள். ஒரு பாதிக்கு முதலில் ஆறு மாதம் வாழ்க்கைமுறைத் திட்டம்: தினம் 600 கலோரி குறைப்பு, 10,000 அடி நடை, நேரிலும் போனிலும் ஆலோசனை, அதற்குப் பிறகே சிகிச்சை. மறு பாதிக்கு எடையைப் பற்றிப் பேசாமல் நேராகச் சிகிச்சை. 24 மாதத்துக்குள் எத்தனை பேருக்கு நல்லபடியாக, மாதம் நிறைந்து, சுகப்பிரசவத்தில் ஒற்றைக் குழந்தை பிறந்தது என்று பார்த்தார்கள்.

திட்டத்தில் இருந்தவர்களில் 27.1 சதவீதம். நேராகச் சிகிச்சைக்குப் போனவர்களில் 35.2.

தலைகீழாக வந்திருக்கிறது. காத்திருந்தவர்களுக்குத்தான் குறைவு. இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு மறுபடி படித்தேன். அதேதான் எழுதியிருந்தது.

இன்னொன்று கவனி. 29-க்குக் கீழே இருப்பவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உன் 27-க்கு அங்கே வாசல் கதவே திறந்திருக்காது.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் நடக்கவே வேண்டாமா அக்கா, எடை குறைந்தால் கெடுதலா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என் எழுத்தின் தப்பு. எடை குறைந்ததால் கெட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சராசரியாகக் குறைந்ததே 4.4 கிலோ. வைத்த இலக்கைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 38 பேர்தான், ஐந்தில் ஒருவர் பாதியில் விலகிவிட்டார். குழந்தைக்கு எண்ணி வைத்த 24 மாதத்தில் ஆறு மாதம் நடையிலேயே போனது. நான் புரிந்துகொண்டது, தோற்றது எடைக் குறைப்பு இல்லை, காத்திருப்பு.

அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் தானாகக் கருத்தரித்தவர்கள் திட்டத்தில் 26.1 சதவீதம், மறுபக்கம் 16.2. முட்டை வெடிக்காத பெண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் தெளிவாக இருந்ததாகப் பின்னால் எழுதினார்கள். பிசிஓடி உள்ள நீ அந்தக் கூட்டத்தில் வருகிறாய். ஆக நடையும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும், ஒன்றை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு இன்னொன்று வேண்டாம்.

ஒரு வாரத்தில் இரண்டு தடவை பேச்சு மாறிவிட்டேன். தெரியும்.

ஜூன் 21, சனி

இன்று சனிக்கிழமை. ஏழு வருடம் ஆகியும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வயிறு ஒரு தடவை கலங்கத்தான் செய்கிறது.

எங்கள் திட்டத்தில் சனிக்கிழமைதான் எடை நாள். பன்னிரண்டு பெண்கள், ஒரு ஹால், நடுவில் மெஷின். ஒரு பெண் எடையைச் சத்தமாகச் சொல்வாள், இன்னொருத்தி நோட்டில் எழுதுவாள். குறைந்தால் கைதட்டல். ஏறினால் அமைதி. அந்த அமைதி இருக்கிறதே, மாமியார் வீட்டு அமைதியே தேவலை. அதனால் எல்லோரும் சனிக்கிழமை வெள்ளிக்கிழமை ராத்திரியே சாப்பிடாமல் வருவோம், மெல்லிய காட்டன் புடவை, வளையல் கிடையாது. ஒருத்தி தாலிக்கொடியைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டாள், பின்னால் இருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டுப் பெரிய ரகளை. பிள்ளை வரம் கேட்டு வந்த இடத்தில் தாலியைக் கழற்றுவதா என்று. என் கொடி ஐந்து பவுன், அதாவது 40 கிராம். ஒரு இட்லி எடைக்கு அவ்வளவு சண்டை.

சாப்பாட்டுத் தாள் இன்னும் வைத்திருக்கிறேன். காலையில் ஓட்ஸ். மதியம் பிராக்கோலி, ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. மாலையில் ஒரு கைப்பிடி பாதாம். எங்கள் ஊர் சந்தையில் பிராக்கோலி கேட்டேன், கடைக்காரர் காலிஃபிளவரைக் காட்டி "பச்சைக் கலர் அடிச்சுத் தரட்டுங்களா" என்றார். மூன்றாவது வாரம் தாளை மடித்து வைத்துவிட்டேன். நான் உருப்படியாகச் செய்தது இரண்டுதான். மதியச் சோற்றில் பாதியைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் பருப்பும் பொரியலும் கூட்டினேன். சாயங்காலம் டீயோடு சாப்பிடும் பிஸ்கட், முறுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சுண்டல். 2023-இல் வந்த பன்னாட்டு பிசிஓஎஸ் (பிசிஓடியைத்தான் இப்படியும் சொல்வார்கள்) வழிகாட்டியும் இந்த உணவுமுறைதான் உசத்தி என்று எதையும் தூக்கிப்பிடிக்கவில்லை, நிலைத்துச் செய்ய முடிவதே போதும் என்கிறது. எடையை வைத்துப் பெண்களைக் குத்திக்காட்டுவது நோயாளிக்குத் தீங்கு என்றும் அதில் இருக்கிறது. அந்த ஹாலில் ஒட்டிவைத்திருக்கலாம்.

மேலே "சனிக்கிழமை வெள்ளிக்கிழமை ராத்திரியே" என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி. இப்போது நினைத்தாலும் உளறல்தான் வருகிறது.

ஜூன் 22

நடை எங்கே போனீர்கள் என்று கேட்டவருக்கு. ஆஸ்பத்திரி ஜிம்முக்கு நான் போனது நாலு தடவை. அப்புறம் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அரசமரம்தான். மேடையைச் சுற்றி ஒரு சுற்று ஏறக்குறைய 20 மீட்டர், 108 சுற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டிவிடும். காலையில் ஒரு 108, மாலையில் ஒரு 108. "அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று கேலி பேசுவார்களே, அதை நான் நிஜமாகவே ஆறு மாதம் செய்தேன். இதில் பெரிய வசதி என்ன தெரியுமா, பொம்பளை தனியாக ரோட்டில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், மரத்தைச் சுற்றினால் பக்தி. மாமியார் தானே எழுப்பிவிடுவார்.

ஒரு சின்னச் சிக்கல், சஷ்டி தவறாமல் விரதம் இருக்கச் சொன்னார். பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல். சனிக்கிழமை மெஷினுக்கு சஷ்டி எந்தக் கிழமை வந்தது என்று தெரிந்துவிடும்.

ஜூலை 5

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

எங்கள் பன்னிரண்டு பேரில் சேலத்து அக்கா ஒருவர். அப்போது வயது 35. அத்தனை பேரிலும் அதிகம் குறைத்தது அவர்தான். ஆறு மாதத் திட்டத்தை எட்டு மாதமாக நீட்டி 14 கிலோ. அவர் பெயரை ஹாலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வருகிற புதுப் பெண்களிடம் "அவங்களைப் பாருங்க" என்று காட்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நிற்பார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து போவார், கையில் ஒரு டப்பாவில் வெள்ளரிக்காய். ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை.

எட்டு மாதம் கழித்து, பரிசாக "இனி சிகிச்சை தொடங்கலாம்" என்றார்கள். முதல் வேலையாகக் கருக்குழாய் டெஸ்ட் எடுத்தார்கள், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இரண்டு பக்கமும் அடைப்பு. முழு அடைப்பு.

14 கிலோ குறைத்தாலும் 40 கிலோ குறைத்தாலும் அடைத்த குழாய் திறக்காது. அந்தப் படம் எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டியது. அதைவிடக் கொடுமை, அவருக்குக் காலேஜ் படிக்கும்போது டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு டிபி ஒரு முக்கியக் காரணம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தெரியும்? கேட்டது எல்லாம் "நேற்று எத்தனை இட்லி?"

பிறகு 36 வயதில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை), இரண்டு தடவை. நிற்கவில்லை. முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு என்றார்கள். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை, சொல்ல முடியாது. ஆனால் 35-க்கும் 36-க்கும் நடுவில் இருந்த அந்த எட்டு மாதத்தை வெள்ளரிக்காய் டப்பாவோடு பஸ்ஸில் கழித்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் அழுதபோது, "பரவாயில்லைக்கா, உடம்பாவது குறைஞ்சுதே" என்றேன். ஏழு வருடமாக அந்த வாக்கியம் எனக்குள் கிடக்கிறது.

ஜூலை 6

நேற்று அதை எழுதிய பிறகு தூக்கம் வராமல் பரணில் இருந்து என் பழைய ஃபைலை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

ஜூன் 3-ஆம் தேதி "ஐந்து கிலோ குறைந்தது, பீரியட்ஸ் தானாக வந்தது" என்று அடித்துச் சொன்னேன் அல்லவா. ஃபைலில் பார்த்தால், திட்டத்தின் மூன்றாவது மாதம் எனக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். டிஎஸ்ஹெச் 8.4. இது ஏறினால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். அன்றே 50 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பம். அதற்கு அடுத்த மாதம் பீரியட்ஸ்.

தைராய்டு குறைந்தால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், எடையும் கூடலாம். ஆக என்னை ஒழுங்குபடுத்தியது அரசமரமா, அந்தச் சின்ன மாத்திரையா? எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாகக் கேட்டவர்களிடமெல்லாம் மரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரையை மறந்தே போனேன், தினமும் காலையில் அதை முழுங்கிக்கொண்டே.

முதல் பதிலை அழிக்கவில்லை. இருக்கட்டும். "எனக்குப் பலித்தது" என்று சொல்கிறவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது ஒரு மாதிரி.

நீ தைராய்டு பார்த்தாயா?

ஜூலை 19

எடை குறைக்கும் ஊசி பற்றி ஏழு பேர் கேட்டாகிவிட்டது. இந்த வருடம் மார்ச்சில் மௌஞ்சாரோ இங்கே விற்பனைக்கு வந்தது, ஜூனில் வெகோவி. வாரம் ஒரு ஊசி, பசி அடங்கிவிடும், எடை நன்றாகவே இறங்கும். ஆனால் இவை கர்ப்ப காலத்துக்கு ஆகாதவை. வெகோவியில் இருக்கும் செமாகுளூட்டைடு உடம்பிலிருந்து போக நாளாகும், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளரே அச்சடித்துக் கொடுக்கிறார். எடை இறங்கும்போது நின்றுபோயிருந்த முட்டை தானாக வெடிக்கத் தொடங்கலாம், நீயே அறியாமல் கர்ப்பமாகலாம். "எப்படியும் நமக்கு நிற்காது" என்ற தைரியத்தில் ஊசி போட்டுக்கொண்டு பாதுகாப்பில்லாமல் இருப்பது விபரீதம். டாக்டர் இல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்கிற கதையும் காதில் விழுகிறது. வேண்டாம்.

எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே மாதிரிதான். அதற்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். 36 வயதில் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மேசையில் படு.

ஆகஸ்ட் 2

டாக்டர்களை நான் வில்லனாக்குகிறேன் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். பாதி சரி.

எடையைப் பற்றிப் பேசுவது அவர்கள் கடமை. கர்ப்பமாவது ஒரு பகுதி, ஒன்பது மாதம் சுமப்பது இன்னொரு பகுதி. எடை கூடினால் கருச்சிதைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிசேரியன் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும். எனக்கே சர்க்கரை வந்தது. 77 கிலோவில் கர்ப்பமானேன். சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, சென்னை டாக்டர் சேஷையா முன்னெடுத்த முறை, அதில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு 162. மிச்ச மாதங்கள் விரலைக் குத்திக் குத்தியே போனது. அன்று எனக்குக் கை கொடுத்தது அந்தச் சனிக்கிழமை ஹாலில் கற்றுக்கொண்ட சுண்டலும் பாதிச் சோறும்தான், சொல்லாவிட்டால் நன்றிகெட்டவள். இன்சுலின் ஊசி இல்லாமலே தப்பித்தேன்.

எனவே திட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பூட்டு மாதிரி கதவில் தொங்கவிட்டு, சாவி பத்து கிலோ என்பதுதான் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே விடு, டெஸ்டுகளை எடு, கூடவே நடக்கவும் சொல். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராமை இன்றே ஆரம்பிக்கச் சொல், எடை அதிகமானால் எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரே முடிவு செய்து எழுதிக் கொடுக்கட்டும். இதையெல்லாம் முதல் நாளே செய்யலாம், ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 3

37 வயது, பிஎம்ஐ 33, ஐவிஎஃப்-க்கு முன் மூன்று மாதம் பட்டினித் திட்டம் போகவா என்று கேட்ட சகோதரிக்கு.

ஸ்வீடன் பக்கம் இதையே செய்து பார்த்தார்கள், 2017-இல் வந்தது. பிஎம்ஐ 30 முதல் 35 வரையான பெண்கள், 12 வாரம் தினம் 880 கலோரி கஞ்சி மாதிரி பானம் மட்டும், அப்புறம் ஐவிஎஃப். ஒன்பது கிலோவுக்கு மேல் இறங்கியது. குழந்தை பிறந்தது 29.6 சதவீதம் பேருக்கு, நேராக ஐவிஎஃப் போனவர்களில் 27.5. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2022-இல் வந்த ஆய்வில் ஒரு குழுவுக்குக் கடுமையான எடைக் குறைப்பு, இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். முதல் குழுவுக்கு எடை இறங்கியது, இரண்டாம் குழுவுக்கு இறங்கவில்லை. குழந்தை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் வயதில் மூன்று மாதம் மூன்று மாதம்தான். 35 தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றாலே பரிசோதனைக்குப் போகலாம் என்பார்கள், இளையவர்களுக்குத்தான் ஒரு வருடம். நான் உங்கள் டாக்டர் இல்லை, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கணக்கு மாறும். ஆனால் வேறு காரணம் எதுவும் சொல்லாமல் எடைக்காக மட்டும் நிறுத்திவைத்தால், இரண்டாவது ஒரு டாக்டரிடம் கேளுங்கள்.

செப்டம்பர் 14

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப வந்து எழுதியிருக்கிறாள், பார்த்தீர்களா. வேறு டாக்டர். தைராய்டு சரியாக இருக்கிறது. குழாய் இரண்டும் திறந்திருக்கிறது. வீட்டுக்காரரை டெஸ்டுக்கு அனுப்ப மூன்று வாரம் ஆகியிருக்கிறது, "எனக்கென்ன குறை" என்று. ரிப்போர்ட் நன்றாகத்தான் இருக்கிறதாம், இப்போது அதை பிரேம் போடாத குறை. எடை 65.8. அடுத்த பீரியட்ஸ் வந்ததும் லெட்ரோசோல்.

லெட்ரோசோலை கூகுளில் தேடிப் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஆமாம், அது மார்பகப் புற்றுநோய் மாத்திரைதான். இந்தியாவில் 2011-இல் இதைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடைகூடப் போட்டார்கள், 2017-இல் நீக்கினார்கள். இடையில் 2014-இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் பார்த்தார்கள், முட்டை வெடிக்கக் கொடுக்கும் பழைய மாத்திரையான க்ளோமிஃபினில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை, லெட்ரோசோலில் 27.5. ஐந்து நாள் மாத்திரை. தலை கொஞ்சம் கனக்கும், எனக்கு நன்றாகவே கனத்தது.

2.2 கிலோ குறைந்திருக்கிறது, ஐந்து சதவீதத்துக்கு இன்னும் 1.2. அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதே. நடந்துகொண்டே சாப்பிடு. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் மரம் அங்கேயேதான் இருக்கிறது.

செப்டம்பர் 15

சேலத்து அக்காவுக்கு இந்த இழையை அனுப்பினேன், அவரைப் பற்றி எழுதியதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். முழுக்கப் படித்துவிட்டுப் போன் செய்தார். "ஒன்றரை மணி நேரமில்லை, ரெண்டு மணி நேரம். டப்பாவுல வெள்ளரிக்காய் இல்லை, கொய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அரை மணி நேரம் வேறு என்னென்னவோ பேசினோம்.

செப்டம்பர் 15, இரவு

அம்மாவும் படித்துவிட்டாள். கொடி ஐந்து பவுன் இல்லையாம், ஏழாம். போட்டது அவளாச்சே. 56 கிராம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.